நாங்கள் தங்க முடியாத ஊரில் அவர் நட்ட மரங்கள்

தென்னாப்பிரிக்காவில் டிராஃபிக் சிக்னலுக்கு ரோபோ என்று பெயர். தமிழ்நாட்டிலிருந்து வந்த விருந்தாளியிடம் "ரெண்டாவது ரோபோவில் லெஃப்ட் எடுங்க" என்று சொன்னால் மனிதர் மிரண்டுபோவார். ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இருக்கும் வெல்கொமில் இந்தக் குழப்பம் குறைவு. அந்த ஊர் ரோபோவை நம்பிக் கட்டப்பட்டதில்லை. பெரிய சாலைகள் கூடும் இடங்களில் வட்டத் திட்டு ஒன்று இருக்கும், அதில் புல்லும் மரமும் இருக்கும், வண்டிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நடு ஊரில் குதிரை லாட வடிவில் கடைவீதி, அதன் மடியில் பெரிய பூங்கா. ஊரைக் கட்டியபோது பத்து லட்சத்துக்கும் மேல் மரம் நட்டார்கள் என்று சொல்வார்கள்.

இத்தனைக்கும் அது மரத்துக்குப் பேர்போன சீமை இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேலே, கண்ணுக்கு எட்டியவரை தட்டையான புல்வெளி. சோளமும் ஆடும்தான் அங்கே பிழைப்பு. மழை கோடையில் கொஞ்சம் பெய்யும், அவ்வளவுதான். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் ராத்திரி உறைபனி விழும். ஆகஸ்டில் காற்று கிளம்பினால் புழுதி வானத்தை மறைக்கும். 1946இல் அங்கே கெடுல்ட் என்ற பண்ணையில் போட்ட ஆழ்துளையில் தங்கம் தட்டுப்பட்டது. மறு ஆண்டே ஆங்லோ அமெரிக்கன் என்ற சுரங்கக் கம்பெனி ஊர் கட்ட இறங்கிவிட்டது. பக்கத்துப் பண்ணையின் பெயர் வெல்கொம், அதையே ஊருக்கும் வைத்தார்கள். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் நல்வரவு என்று அர்த்தம்.

நல்வரவு எல்லோருக்கும் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மரங்களின் கதை. அதன் நடுவில் ஒரு பெண் நிற்கிறார்: ஜோன் பிம், 1904 முதல் 1974 வரை வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்காவின் முதல் தொழில்முறை லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட். 'முதல் பெண்' என்ற அடைமொழியை இங்கே போட வேண்டியதில்லை. ஆணும் பெண்ணும் சேர்த்து அவர்தான் முதல்.

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்றால் தமிழில் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் என்று எழுதலாம். ஆனால் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டால் தோட்டக்காரரின் ஞாபகம்தான் வரும். காரணம் இருக்கிறது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தது. 1911 வரை வந்தவர்கள் சுமார் 1,52,000 பேர். ஒப்பந்தம் முடிந்தபின் கரும்புக் காட்டை விட்டு வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் ஆற்றோரத்தில் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்து காய்கறி போட்டார்கள். அம்கேனி ஆற்றங்கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் பகுதி முழுக்க அப்படித்தான். மண்ணைத் தொட்டுப் பார்த்து ஈரம் சொல்லும் ஆட்கள் எங்களிடம் ஏராளம். ஆனால் அது வயிற்றுக்கான தோட்டம். ஒரு ஊருக்கே நிலம் எப்படிக் கிடக்க வேண்டும் என்று காகிதத்தில் கோடு போடும் வேலை வேறு.

அந்த வேலை என்ன என்பதில்தான் பிம்மின் வாழ்க்கை இருக்கிறது. வீட்டைக் கட்டி முடித்து, மிச்சம் கிடக்கும் இடத்தில் ரோஜாச் செடி வைப்பது அதில் ஒரு துளிகூட இல்லை. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும், காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து அடிக்கும், சாலையை எங்கே வளைத்தால் மேட்டை வெட்டாமல் போகலாம், இன்று நடும் கன்று முப்பது வருஷம் கழித்து எவ்வளவு அகலம் விரியும், அதற்கு அடியில் எந்தக் குழாய் போகிறது என்று யோசித்து, ஊர்த்திட்டம் போடுகிறவரோடும் இன்ஜினியரோடும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். கட்டடம் எழுந்தபின் கூப்பிட்டால் வேலை பாதி கெட்டுப்போயிருக்கும். முதல் கோடு போடும்போதே கூப்பிட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்களின் தீராத சண்டை. இன்றைக்கும் தீரவில்லை.

இந்தத் தொழிலில் பெண்கள் முன்னால் வந்ததற்கு ஒரு வேடிக்கையான வழி இருந்தது. கட்டடக் கலையும் இன்ஜினியரிங்கும் ஆண்களின் கோட்டை. தோட்டம் மட்டும் 'பெண்களுக்கு ஏற்ற பொழுதுபோக்கு' என்று விட்டுவைக்கப்பட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். அமெரிக்காவில் 1899இல் இந்தத் தொழிலுக்கான சங்கத்தைத் தொடங்கிய 11 பேரில் ஒரே பெண் பியாட்ரிக்ஸ் ஃபேரண்ட். இங்கிலாந்தில் ஸ்வான்லி என்ற ஊரில் பெண்கள் தோட்டக்கலை படித்த ஒரு கல்லூரி இருந்தது. அங்கே படித்த பிரெண்டா கால்வின் 1951இல் பிரிட்டிஷ் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் நிறுவனத்துக்கே தலைவரானார், அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவர். அதே கல்லூரியில் படித்த சில்வியா க்ரோவ் சில வருஷம் கழித்துத் தலைவரானார். பூச்செடிப் பாத்தியில் தொடங்கியவர்கள் நெடுஞ்சாலை, அணை, மின்நிலையம், புதுநகரம் என்று போய்ச் சேர்ந்தார்கள். ஜோன் பிம் அந்தத் தலைமுறை. அவருக்குக் கிடைத்தது தங்கச் சுரங்கம்.

வெல்கொமின் நகரத் திட்டத்தைப் போட்டவர் வில்லியம் பேக்ஹவுஸ். பின்னால் இருந்த பணமும் ஆசையும் ஆங்லோ அமெரிக்கனின் தலைவர் எர்னஸ்ட் ஓப்பன்ஹைமருடையது. ஜோகன்னஸ்பர்க் தங்கம் கிடைத்த அவசரத்தில் கூடாரமும் தகரமுமாகக் கிளம்பிய ஊர். ஃப்ரீ ஸ்டேட் சுரங்கத்தில் அப்படி வேண்டாம், தோட்ட நகரமாகக் கட்டுவோம் என்பது அவர் எண்ணம். நல்ல மனசு மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. தங்கம் இருந்தது பூமிக்கடியில் வெகு ஆழத்தில். சுரங்கக் குழி இறக்கவே வருஷக்கணக்கில் ஆகும், பணம் தண்ணீராக ஓடும். அதற்குத் தேர்ந்த வெள்ளைக்காரத் தொழிலாளிகளும் இன்ஜினியர்களும் வேண்டும். புழுதியும் வெயிலும் மட்டும் இருக்கும் பொட்டலில் குடும்பத்தோடு யார் இருப்பார்கள்? மூன்று மாதத்தில் மூட்டையைக் கட்டுவார்கள். ஆக, நிழல் என்பது கம்பெனிக்கு ஒரு முதலீடு. பிம் இதைப் பிடித்துக்கொண்டார். அழகு ஆடம்பரம் இல்லை, அது இல்லாமல் ஊர் ஓடாது என்பதைப் பணம் எண்ணுகிறவர்களுக்குப் புரியும்படி வாதாடியதுதான் அவருடைய பெரிய திறமை என்று எனக்குத் தோன்றுகிறது. 1971இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே 'அழகு அவசியம்' என்பதுதான்.

சரி, பொட்டலில் மரம் எப்படி வளர்ப்பது? டர்பன்காரனான எனக்கு இது வெகுநாள் புரியவில்லை. எங்கள் ஊரில் குச்சியை ஊன்றினாலே துளிர்க்கும். ஹைவெல்ட் என்கிற அந்த உயர்சமவெளியில் கதை வேறு. அங்கே கன்றை முதல் இரண்டு மூன்று குளிர்காலத்தில்தான் பறிகொடுப்பார்கள். பகலில் வெயில், இரவில் உறைபனி, இந்த ஏற்ற இறக்கத்தில் இளம் பட்டை வெடித்துப்போகும். காற்று ஈரத்தை உறிஞ்சும். அதனால் அழகுக்கான மரத்துக்கு முன்னால் காற்றுத்தடுப்பு வரிசை வேண்டும். முரட்டு மரங்களை வெளி வரிசையில் நெருக்கமாக நட்டு, அவை எழுந்தபின் அதன் மறைவில் மென்மையானவற்றை வைப்பார்கள். பெரிய மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து நடுவதைவிடச் சின்னக் கன்றை ஆயிரக்கணக்கில் நடுவது புத்திசாலித்தனம். அதன் வேர் அந்த மண்ணிலேயே பழகி இறங்கும். காரீ, ஸ்வீட் தார்ன் போன்ற உள்ளூர் மரங்கள் பனியையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும், ஆனால் யூகலிப்டஸ் வேகத்துக்கு உயராது. அவசரப்படுகிறவர்கள் யூகலிப்டஸுக்குத்தான் ஓடுவார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுரங்கத்துக்குள் முட்டுக்கொடுக்கும் கட்டைக்காக அப்படித்தான் காடே நட்டார்கள்.

அடுத்த தொல்லை, சுரங்கமே கிளப்பும் தொல்லை. தங்கம் எடுத்தபின் அரைத்த பாறை மாவாக மிஞ்சும். அதைத் தண்ணீரோடு கலந்து மேடை மேடையாகக் கொட்டுவார்கள், காய்ந்ததும் காற்றில் பறந்து துணி காயப்போட்ட கொடியிலும் சமையல் பாத்திரத்திலும் இறங்கும். அதில் கந்தகம் கலந்த தாது இருப்பதால் மழை பட்டதும் புளித்து அமிலமாகும், எளிதில் புல்கூட முளைக்காது. சுண்ணாம்பு போட்டுப் பதப்படுத்திப் புல் வளர்க்கும் வழியைச் சுரங்க முதலாளிகள் சங்கம் 1960களில்தான் பெரிய அளவில் கையாண்டது. அதுவரை குடியிருப்புக்கும் மேட்டுக்கும் நடுவில் மரவரிசைகள்தான் தடுப்பு. இன்னொன்று, ஆழத்திலிருந்து இறைக்கும் உப்புத் தண்ணீர். அதைச் செடிக்கு விட முடியாது. தட்டைப் பள்ளங்களில் தேக்கி ஆவியாக விட்டார்கள். அந்த உப்பளத்துக்கு ஃபிளமிங்கோக்கள் வந்து இறங்கின, கடலுக்கு நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிக் கடற்புறாக்களும் வந்தன. யாரும் திட்டமிடாத அழகு அது. வெல்கொமின் ஒரு பேட்டைக்கே ஃபிளமிங்கோ பார்க் என்று பெயர்.

இந்தத் திட்டத்தில் நிழல் எப்படிப் பங்கு போடப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கிய கறுப்பினத் தொழிலாளிகள் ஒப்பந்தம் பேசி வந்தவர்கள், ஆண்கள் மட்டும், ஹாஸ்டலில் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேராவது குடும்பத்தோடு இருக்க வீடு கட்டலாம் என்று ஓப்பன்ஹைமர் கேட்டார். அப்போதைய தேசியக் கட்சி அரசு மூன்று பேருக்கு மேல் கூடாது என்று நிறுத்திவிட்டது. ஊருக்கு வெளியே தபோங் என்ற கறுப்பின லொகேஷன், அதாவது ஒதுக்குக் குடியிருப்பு, தனியாக எழுந்தது. பூங்காவும் வட்டத் திட்டும் வெள்ளையர் பகுதிக்கு. பிம் இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர் இல்லை. ஆனால் அதற்குள்தான் வேலை செய்தார், அந்தக் கம்பெனியின் பணத்தில்தான் அவர் தொழிலே நின்றது.

எங்கள் ஆட்களுக்கோ மூன்று சதவீதமும் இல்லை, சுழி. 1891இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் போட்ட சட்டப்படி இந்தியர்கள் அங்கே குடியிருக்கவோ கடை வைக்கவோ நிலம் வாங்கவோ கூடாது. 1913இல் காந்தியின் சத்தியாகிரகத்தில், அவருடைய டால்ஸ்டாய் பண்ணையில் இருந்த 11 பெண்கள், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர், எல்லையோரத்து வெரீனிகிங் வழியாக ஃப்ரீ ஸ்டேட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து கைதாகப் பார்த்தார்கள். போலீஸ் கண்டுகொள்ளவில்லை. அப்புறம்தான் டர்பன் இருக்கும் நேட்டால் பக்கம் திரும்பி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளை வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிடப் போனார்கள், மற்றது வரலாறு. ஆனால் ஃப்ரீ ஸ்டேட் சட்டம் மட்டும் அசையவில்லை. 1986 வரை இருந்தது. வெல்கொம் பிறந்து 39 வருஷம் வரை எங்களில் ஒருவர் அங்கே சட்டப்படி வீடு எடுத்திருக்க முடியாது.

என் தாத்தா டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் மார்க்கெட்டுக்கு லாரியில் வாழைத்தார் ஏற்றிப் போனவர். வழியில் ஹாரிஸ்மித் தொடங்கி வால் ஆறு வரை ஃப்ரீ ஸ்டேட். அந்தத் துண்டைக் கடக்கும்வரை லாரி நிற்காது. அனுமதிச்சீட்டு இல்லாமல் ராத்திரி தங்கினால் வம்பு. ஆயா கட்டிக்கொடுத்த சோற்றை ஓட்டிக்கொண்டே சாப்பிடுவாராம். சாலையோர மரங்களைப் பற்றிக் கேட்டால், "நின்னு பார்த்தாத்தானே மரம் தெரியும்" என்பார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சாட்ஸ்வர்த் ஞாபகம் வரும். வெல்கொம் வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1960களில், டர்பனுக்குத் தெற்கே மொத்தமாகக் கட்டப்பட்ட இன்னொரு ஊர். 1950இல் வந்த, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டப்படி கேட்டோ மேனர் முதலான இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம். அந்த மலைச்சரிவுகளில் முன்பு வாழை பயிரிட்டவர்களும் இந்தியர்கள்தான், அவர்களிடமிருந்து பிடுங்கிய நிலம். வெல்கொமுக்குத் தொடக்கத்திலேயே நிலத்தோற்ற வடிவமைப்பாளர் வந்தார். சாட்ஸ்வர்த்துக்கு முதலில் வந்தது புல்டோசர். சரிவைப் படிப்படியாக வெட்டி, ஒட்டு வீடுகளை ஒரே அச்சில் வரிசையாக ஊன்றி, பேட்டைகளுக்கு யூனிட் 3, யூனிட் 5 என்று எண் போட்டார்கள். மேல்மண் வெட்டுப்பட்டுப் போனதால் வாசலில் சிவப்புக் களிதான். மரம் வைப்பது குடிவந்தவர் பாடு.

குடிவந்தவர்கள் வைத்தார்கள். பின்வாசலில் கறிவேப்பிலை, வேலியோரம் முருங்கை, இடம் இருந்தால் ஒரு மா. மாரியம்மன் திருவிழாவுக்கு வேப்பிலை வேண்டும், வேம்பு கிடைக்காத இடத்தில் அதன் சொந்தக்காரியான சிரிங்கா இலையை வைத்துச் சமாளித்தார்கள். இப்போது அரசாங்கம் சிரிங்காவை நாட்டுக்கு ஆகாத ஆக்கிரமிப்பு மரம் என்று பட்டியலில் சேர்த்துவிட்டது, அது வேறு வழக்கு. பிம் மேசையில் உட்கார்ந்து திட்டம் போட்ட அதே காலத்தில் பெயர் தெரியாத ஆயிரம் ஆயாக்கள் ஓட்டை வாளியில் தண்ணீர் தூக்கி ஒரு ஊரைப் பச்சையாக்கினார்கள். இரண்டையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆயாக்கள் எவ்வளவு முயன்றாலும் தெருவுக்கு நிழலோ மழைத்தண்ணீருக்கு வழியோ பிள்ளைகளுக்கு மைதானமோ கொண்டுவந்திருக்க முடியாது. அதற்கு முதல் கோடு போடும்போது ஒரு பிம் வேண்டும். சாட்ஸ்வர்த்தில் இல்லாமல்போனது எது என்பதை வெல்கொமைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

வெல்கொமுக்கு வெளியேயும் பிம் வேலை செய்தார். ஜோகன்னஸ்பர்க் பார்க்டவுனில் ஓப்பன்ஹைமர் குடும்பத்தின் பிரென்ட்ஹர்ஸ்ட் தோட்டத்தில் அவர் கை இருக்கிறது. 1962இல் தென்னாப்பிரிக்காவின் நிலத்தோற்ற வடிவமைப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியபோது, விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தச் சிறு குழுவில் அவரும் ஒருவர். இது வெறும் சங்கம் வைத்த செய்தி இல்லை. அதுவரை இந்த வேலைக்கு ஆள் வேண்டுமானால் வெளிநாட்டில் படித்தவரைத் தேட வேண்டும், யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளலாம். நிறுவனம் வந்தபின்தான் தகுதி, கட்டணம், ஒழுக்கம் என்ற பேச்சு வந்தது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தில் படிப்பும் வந்தது. புத்தகம் வெளியான மூன்று வருஷத்தில் அவர் காலமானார். அந்தப் புத்தகத்தின் துணைத்தலைப்பு நிலத்தோற்றத்தைக் காப்பதா படைப்பதா என்று கேட்கிறது. புல்வெளியைத் தோண்டிப்போட்டு அதன்மேல் பத்து லட்சம் மரம் வைத்த ஊரில் உழைத்தவர் அந்தக் கேள்வியைக் கேட்டதால்தான் அதில் எனக்கு ஒரு மரியாதை. புல்வெளிக்கும் ஒரு அழகு உண்டு, அதில் மரம் நடுவதே ஒரு வகை அழிப்புதான் என்று இன்றைய சூழலியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

1990களிலிருந்து ஃப்ரீ ஸ்டேட் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. ஆயிரக்கணக்கில் வேலை போனது. கைவிட்ட குழிகளுக்குள் ஜாமா ஜாமா என்று அழைக்கப்படும் திருட்டுச் சுரங்கக்காரர்கள் இறங்குவதுதான் இப்போது வெல்கொமைப் பற்றிப் பத்திரிகையில் வரும் செய்தி. கம்பெனி பராமரிக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட பூங்கா, கம்பெனி போனபின் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஊர் ஒரு பாடப்புத்தகம். புல் வாடிவிடுகிறது, பாத்தி போய்விடுகிறது. வட்டத் திட்டு மட்டும் எங்கும் போகாது, அது சாலையோடு பிறந்தது. காற்றைத் தடுக்க நட்ட முரட்டு மரங்களும் அப்படித்தான், யாரும் தண்ணீர் விடாமலே நிற்கின்றன.

என் சித்தப்பா மகள் 1990களின் நடுவில் டீச்சர் வேலைக்கு அங்கே போனாள். வீட்டுக்கு முன்னால் நடைபாதையில் பெரிய மரம், மதியம் முழுக்க நிழல். போன முதல் வருஷம் டர்பனிலிருந்து கொண்டுபோன கறிவேப்பிலைக் கன்றை அதன் பக்கத்தில் தரையில் நட்டுவிட்டாள். ஜூன் மாதம் ஒரே ராத்திரியில் கருகிப்போனது. இப்போது பெயின்ட் வாளியில் வைத்திருக்கிறாள். மே கடைசியில் கராஜுக்குள் தூக்கி வைத்து, செப்டம்பரில் வெளியே கொண்டுவருவாள். போன தடவை போனபோது வாளியை வெளியே தூக்க என்னைத்தான் கூப்பிட்டாள். நல்ல கனம்.